டோல் என்று வந்தால் உடனே சுங்கம் என்று எழுதிவிடாதீர்கள்

வாத்துகளிடம் சுங்கம் வசூலிக்கும் நாய் ஒன்றை நான் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். செல்லப்பிராணிகள் பற்றிய பத்திரிகை ஒன்றுக்கு நாய் இனங்களின் பட்டியலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாற்பது இனங்கள், மூன்று நாள் அவகாசம். 'நோவா ஸ்கோஷியா டக் டோலிங் ரிட்ரீவர்' என்ற பெயர் வந்தபோது இரவு பதினொன்றரை மணி. 'நோவா ஸ்கோஷியா வாத்துச் சுங்க மீட்பு நாய்' என்று தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். அது அப்படியே அச்சிலும் வந்தது. வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "அம்மா, அந்த நாய்க்கு ரசீதுப் புத்தகம் யார் அடித்துக் கொடுக்கிறார்கள்?"

அந்த அட்டை இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

என் பக்கம் ஒரு சமாதானமும் உண்டு. நான் இருப்பது திருச்சியில், நம்பர் ஒன் டோல்கேட் பக்கம். நாள் முழுக்க "டோல்கேட், டோல்கேட் எறங்கு" என்று நடத்துநர் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சந்திப்பு, ரவுண்டானா, பூக்கடை எல்லாம் இருக்கிறது. அங்கே நின்று யாரும் சுங்கம் வாங்கி நான் பார்த்ததில்லை. சுங்கம் கட்ட வேண்டுமானால் இன்னும் வடக்கே சமயபுரம் சாவடிக்குப் போக வேண்டும். ஆனாலும் டோல் என்றாலே என் மண்டைக்குள் ஒரு குறுக்குக் கட்டை வந்து விழுந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தான் விழும். அதைத் தூக்கிவிட்டு உள்ளே போவது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

டோல் என்ற இந்த ஆங்கிலச் சொல் ஒரு சொல் இல்லை. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் பூர்வீகம் வேறு வேறு. அதனால் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுக்கும் பழக்கம் இங்கே உதவாது. வாக்கியத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே யாராவது எதையாவது இழுக்கிறார்களா, இல்லை பிடித்துக்கொள்கிறார்களா? முக்கால்வாசிச் சிக்கல் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

இழுக்கும் டோலை முதலில் எடுத்துக்கொள்வோம். அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஆங்கிலேயர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரியாது. 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'டோலன்' என்றால் ஆசைகாட்டி இழுப்பது, நைச்சியமாக அழைத்துப்போவது. அதற்கும் முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டில்லன்' என்று உறவுக்கார வினை ஒன்று உண்டு. தப்பான வழிக்கு இழுத்துக்கொண்டு போவது என்று பொருள். பிசாசு மனிதனை இழுக்கும், தாசி வாலிபனை இழுப்பாள், அந்த மாதிரி.

பிறகு புத்தக ஆங்கிலத்தில் இருந்து இது மெல்ல ஒதுங்கிவிட்டது. இரண்டு இடங்களில் மட்டும் உயிரோடு தங்கியது: கால்நடை வளர்ப்பவர் வாயில், வேட்டைக்காரர் வாயில். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் கிராமத்துக் கதைகளை மொழிபெயர்க்க நேர்ந்தால் இதைப் பார்ப்பீர்கள். அங்கே பெரும்பாலும் டி, ஓ, எல், இ என்று எழுதுவார்கள். பன்றிகளைப் பட்டிக்குள் கொண்டுவர வேண்டும். குச்சியால் விரட்டினால் நாலா பக்கமும் சிதறும். ஒருவன் மக்காச்சோளத்தை வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே முன்னால் நடப்பான், பன்றிகள் பின்னால் வரும். அதுதான் டோல். இதைத் தமிழில் சொல்ல நாம் தவிக்கவே வேண்டாம். ஒரு கொத்து அகத்திக் கீரையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஆட்டை வீட்டுக்கு நடத்திவராதவர் யார்? 'தழையைக் காட்டி இழுத்து வந்தான்' என்று எழுதினால் முடிந்தது. இந்த இடத்தில் 'வசீகரித்தான்', 'கவர்ந்திழுத்தான்' என்றெல்லாம் போட்டு அந்தப் பன்றியைச் சினிமாவில் நடிக்கவைக்காதீர்கள்.

இப்போது நாய்க்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் ஒரு கடன் இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் யார்மத் கவுன்டி என்று ஒரு பகுதி. அங்கே லிட்டில் ரிவர் பக்கத்தில் வளர்க்கப்பட்ட நாய் இது. ஆரம்பத்தில் 'லிட்டில் ரிவர் டக் டாக்' என்றுதான் பெயர். 1945-இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கனடா கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1995-இல் அந்த மாகாணத்தின் அதிகாரபூர்வ நாயும் ஆகிவிட்டது. சுட்டு விழுந்ததைக் கவ்விவரும் ரிட்ரீவர் வகையிலேயே சின்னது. செம்பட்டை நிறம், வால் நுனியிலும் மார்பிலும் பாதங்களிலும் அங்கங்கே வெள்ளை. தூரத்தில் இருந்து பார்த்தால் நரியென்றே நினைப்போம். அதன் வேலைக்கு ஆதாரமே அந்தத் தோற்றம்தான்.

வேலை நடப்பது இப்படி. விடியற்காலை, ஏரியோ உப்பங்கழியோ. வாத்துக் கூட்டம் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் நடுத்தண்ணீரில் மிதக்கிறது. வேட்டைக்காரர் கரையில் நாணல் மறைவில் குந்தியிருக்கிறார். மறைவுக்குள் இருந்தபடியே ஒரு குச்சியைக் கரையோரமாக வீசுகிறார். நாய் குலைக்காமல் பாய்ந்து போய்க் குச்சியைக் கவ்வி வாலை ஆட்டிக்கொண்டே ஓடிவருகிறது. மறைவுக்குள் நுழைந்து காணாமல் போகிறது. மறுபடி குச்சி, மறுபடி பாய்ச்சல். தோன்றுவது, மறைவது, தோன்றுவது. வாத்துகளுக்கு இருப்புக்கொள்ளாது. கழுத்தை நீட்டிப் பார்க்கும், ஒன்று திரும்பும், இன்னொன்று கூட வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி நீந்தும். பசியால் வருகிற வரத்து இல்லை இது. பகையாளி ஏதோ வினோதமாகச் செய்கிறானே என்று பார்க்கிற ஆர்வம். வாத்துகள் எட்டும் தூரத்துக்கு வந்ததும் நாயை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு வேட்டைக்காரர் எழுந்து நிற்பார்; வாத்துகள் படபடத்து எழும், அப்போது சுடுவார். விழுந்ததைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்விவருவதும் அதே நாய்தான். அதனால்தான் பெயரில் டோலிங், ரிட்ரீவர் என்று இரண்டு வேலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே தந்திரத்தை இங்கிலாந்தில் கட்டுமானமாகவே வைத்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் இருந்து வந்த முறை. இரண்டாம் சார்லஸ் மன்னர் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவிலேயே ஒன்று அமைத்துக்கொண்டார். குளத்தில் இருந்து வளைந்து வளைந்து குறுகிக்கொண்டே போகும் வாய்க்கால், மேலே வளையங்களில் விரித்த வலை, ஓரத்தில் சாய்வாக நிறுத்திய நாணல் தட்டிகள். தட்டிக்குத் தட்டி ஒரு நாய் தாண்டித் தாண்டிப் போகும். வாத்துகள் அதைத் தொடர்ந்து வலைக்குள் நீந்திப்போய் மாட்டும். வாய்க்காலுக்கு 'பைப்' என்று பெயர், நாய்க்கு 'பைப்பர்'. அந்த அமைப்பின் பெயர்தான் 'டிகாய்'. கூண்டு என்று பொருள்படும் டச்சுச் சொல்லில் இருந்து வந்தது. போலீஸ் செய்திகளில் இன்று அடிபடுகிற டிகாய் இதே டிகாய்தான்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? அஞ்சலட்டை வந்த பிறகு பல நாள் தேடினேன். தேடிய பொருள் நம் வீட்டுப் பரணிலேயே இருந்தது. 'பார்வை.' வேட்டைக்காரர்கள் பிற மிருகத்தையோ பறவையையோ வரவழைக்கப் பழக்கி வைத்திருக்கும் மிருகத்துக்கு அதுதான் பெயர். புறநானூறு 320-ஆம் பாட்டில் 'பார்வை மடப்பிணை' வருகிறது. வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைமானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. சத்தம் போட்டால் கணவன் விழித்துவிடுவான், கலைமானும் பிணையைவிட்டு ஓடிவிடும் என்று அவன் மனைவி அசையாமல் இருக்கிறாள். அவள் இப்படி இருக்க, முற்றத்தில் தோல்மேல் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதல் பறவையும் தின்று தீர்க்கின்றன. ஒரு தொழிற்சொல்லைத் தேடிப்போய் இந்தக் காட்சியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பார்வை மிருகம் கட்டிய இடத்தில் இருக்கும், பெரும்பாலும் வரவேண்டிய மிருகத்தின் இனமாகவே இருக்கும். டோலிங் நாய் ஓடி ஆடி வேடிக்கை காட்டும், வாத்துக்குப் பகையும்கூட. அதனால் மரத்தில் செய்த பொம்மை வாத்துக்கும் டிகாய்க்கும் 'பார்வை' என்பதைத் தாராளமாகப் போடுகிறேன். இந்த நாய்க்கு 'வேடிக்கை காட்டி வாத்தை வரவழைக்கும் நாய்' என்று விளக்கிவிட்டு அடுத்த வரியில் இருந்து 'டோலர்' என்றே எழுதுகிறேன். வளர்ப்பவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மணியும் இழுக்கும் வீட்டுப் பிள்ளைதான். ஆலய மணி 'டோல்' ஆவது, கயிற்றை இழுப்பதாலா, ஜனங்களைக் கோயிலுக்கு இழுப்பதாலா என்று அகராதிக்காரர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். எப்படிப் பார்த்தாலும் இழுப்புத்தான். மொழிபெயர்க்கும்போது நாம் கவனிக்க வேண்டியது வேகம். எல்லா மணியோசையும் டோல் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் மாதா கோயில் இருக்கிறது. ஞாயிறு பூசைக்குக் கோயில்பிள்ளை கயிற்றை நன்றாக எட்டி இழுப்பார். மணி இரண்டு பக்கமும் புரண்டு கலகலவென்று கொட்டும். சாவு என்றால் அதே கயிறு, அதே கை, ஆனால் கொஞ்சமாக அசைத்துவிட்டு நிறுத்துவார். நாக்கு ஒருமுறை தொடும். ஓசை முழுக்க ஓய்ந்த பிறகு அடுத்தது. சமையலறையில் தாளிப்பவள்கூடக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு எண்ணுவாள். அந்த ஒற்றை ஒற்றை அடிதான் டோல். அதற்கு நம்மிடம் 'துக்க மணி' இருக்கிறது. 'மணி ஒலித்தது' என்று எழுதினால் அந்த இடைவெளி போய்விடும்.

இங்கிலாந்துக் கிராமங்கள் பலவற்றில் இதற்குக் கணக்கே உண்டு. ஆண் இறந்தால் மூன்று முறை மும்மூன்று அடி, பெண் என்றால் இரண்டு முறை மும்மூன்று. பிறகு இறந்தவரின் வயதுக்கு வருஷத்துக்கு ஒன்று. ஊருக்கு ஊர் மாறும். கதையில் 'மணி அறுபத்திரண்டு முறை டோல் ஆயிற்று' என்று வந்தால் அது நேரமோ மிகையோ அல்ல, வயது. மொழிபெயர்ப்பில் அதைக் காட்டாவிட்டால் அந்தப் பக்கத்தில் செத்தது யார் என்றே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

சரி, பிடித்துக்கொள்ளும் டோல். இதன் பூர்வீகம் வேறு. கிரேக்கத்தில் 'டெலோஸ்' என்றால் வரி; லத்தீன் வழியாக வடக்கே போய் ஜெர்மனில் 'சோல்', ஆங்கிலத்தில் 'டோல்'. பாலத்திலும் பாதையிலும் குறுக்கே கட்டை போட்டு வாங்குவது. இதற்கு நம்மிடம் சுங்கம் இருக்கிறது, அதற்கும் மூத்த 'உல்கு' திருக்குறளிலேயே இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டமே உண்டு. இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில் 1839 முதல் 1843 வரை ஆண்கள் சேலைக்கு ஈடான உடுப்புகளை மாட்டிக்கொண்டு இரவில் வந்து டோல்கேட்டுகளை உடைத்தார்கள், ரெபெக்கா கலகம் என்று பெயர். அந்த மாதிரி இடத்தில் சுங்கச்சாவடி என்றே எழுதுங்கள். பயம் வேண்டாம்.

மாவரைப்பவர் விஷயத்தில்தான் தடுக்கும். அந்தக் காலத்து ஆங்கில மில்காரர் அரைத்த தானியத்தில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்வார், அதுவும் டோல். அது சுங்கம் இல்லை, அரவைக் கூலி. இன்றைய வணிக ஒப்பந்தங்களில் வரும் 'டோலிங் அக்ரிமென்ட்' இந்தக் குடும்பம்தான்: மூலப்பொருள் ஒருவருடையது, இன்னொருவர் தன் ஆலையில் பதப்படுத்திக் கொடுத்துக் கூலி வாங்குவார். திருப்பூரிலோ கோவையிலோ யாரிடம் கேட்டாலும் 'ஜாப் ஒர்க்' என்பார்கள். ஒரு மருந்து கம்பெனி ஒப்பந்தத்தில் இதைச் 'சுங்க ஒப்பந்தம்' என்று யாரோ எழுதி வைத்திருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். கலால் துறைக்காரர் கையில் போயிருந்தால் வீண் வம்பு. 'டோல் ஃப்ரீ' எண் கட்டணமில்லா எண். இதை எல்லாரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

'டெத் டோல்' பற்றி மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். சாவு, மணி என்று சேர்த்துப் பார்த்து இது துக்க மணியில் இருந்து வந்தது என்று நினைக்கத் தோன்றும். நானும் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்த பாவத்தைச் செய்திருக்கிறேன். அகராதிகள் இதை வரியின் கீழேதான் வைக்கின்றன: வெள்ளமோ போரோ மனிதர்களிடம் பிடித்துக்கொண்ட கப்பம். நம் பத்திரிகைகள் 'பலி எண்ணிக்கை' என்று எழுதுகின்றன. தேய்ந்த சொல் என்று எனக்கு அதன்மேல் ஓர் இளக்காரம் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, வடமொழியில் 'பலி' என்பதற்குப் படையல் என்பதோடு வரி, கப்பம் என்ற பொருளும் உண்டு. அசோகன் பட்டம் ஏறிய 20-ஆம் ஆண்டில் லும்பினிக்குப் போய், புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக அந்தக் கிராமத்துக்குப் பலியை நீக்கியதாகத் தூணில் வெட்டிவைத்திருக்கிறான். மிருக பலி அல்ல, வரி! எந்த உதவி ஆசிரியர் எந்த ராத்திரி ஷிப்டில் முதலில் 'பலி எண்ணிக்கை' என்று எழுதினாரோ, டோலுக்கு அதைவிடச் சரியான தமிழ் கிடையாது.

'டேக்ஸ் இட்ஸ் டோல்' என்று வரும்போது சுங்கமும் வேண்டாம், பலியும் வேண்டாம். 'ராத்திரி வேலை உடம்பை வாங்கிவிட்டது', 'வெயில் ஆளைத் தின்றுவிட்டது' என்று வாயில் வருவதை எழுதுங்கள்.

நீதிமன்றக் காகிதங்களில் வரும் டோல் இன்னொரு வீடு. லத்தீன் 'டோலரே', தூக்கு, அகற்று. புகழ்ந்து தூக்கிவைப்பதைச் சொல்லும் 'எக்ஸ்டால்' இதன் உடன்பிறப்பு. அமெரிக்க வழக்குகளில், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு 'டோல்' ஆகிறது என்றால் கடிகாரம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று பொருள். மூன்று வருஷக் கெடுவில் இரண்டு வருஷம் ஓடிவிட்டது, பிறகு ஆறு மாதம் டோல் ஆனது என்றால், அதன் பிறகும் கையில் ஒரு முழு வருஷம் மிச்சம். 'கெடு முடிந்தது' என்று எழுதினீர்களானால் கட்சிக்காரர் குடி முழுகிவிடும். நம் ஊர்ச் சட்டமொழியில் இந்தச் சொல் அதிகம் புழங்காது. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் காலத்தைக் 'கழித்துக் கணக்கிடுவது' என்ற போக்கில்தான் இருக்கும். கொரோனா சமயத்தில் உச்ச நீதிமன்றமும் 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் கழித்துவிடச் சொன்னது. அதனால் நான் 'காலவரம்பு ஓடாமல் நிறுத்திவைக்கப்படுகிறது' என்று எழுதுகிறேன். பழைய இங்கிலாந்து நிலச்சட்ட நூல்களில் மட்டும் உஷார்: அங்கே உரிமை 'டோல்' ஆனது என்றால் பறிபோனது.

எந்த வீட்டையும் சேராத சில உண்டு. கைவினைப் பத்திரிகையில் 'டோல் பெயின்டிங்' வந்தால் அது தகரத் தட்டில் பூ வரைவது. பிரெஞ்சில் தகட்டுக்கு அந்தப் பெயர். எழுத்தில் மேலே சொன்ன பன்றிக்காரரின் டோல் மாதிரியே இருக்கும், ஏமாற வேண்டாம். 'டோல் ஹவுஸ் குக்கீ' அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து விடுதி ஒன்றின் பெயரில் 1930-களில் கிளம்பிய சாக்லேட் சிப் பிஸ்கட். பெயரை அப்படியே விடுங்கள். நோய் எதிர்ப்புப் பற்றிய கட்டுரைகளில் 'டோல் லைக் ரிசப்டர்' வரும். உடம்புக்குள் கிருமி நுழைந்ததைக் கண்டுகொள்ளும் புரதம் அது. அதில் உள்ள டோல் ஜெர்மன் சொல். பழ ஈயின் கருவை ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-வோல்ஹார்ட் விசித்திரமான ஒன்றைப் பார்த்துவிட்டு 'டோல்!' என்று வியந்ததில் வந்த பெயர். நம் வாயில் சொன்னால் 'அடேங்கப்பா!' அந்த மரபணுவுக்கு நோய் எதிர்ப்பிலும் வேலை இருக்கிறது என்று காட்டியவர்களில் ஒருவரான ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கு 2011-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 'டோல் போன்ற ஏற்பி' போதும். 'சுங்க ஏற்பி' என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்தேன். சத்தியமாக அது நான் எழுதியது இல்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. கணினியில், முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்துவைத்து எடுத்துக்கொடுக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் வைத்துக்கொண்டு வேலை செய்பவராக இருந்தால் இன்றைக்கே அதைத் திறந்து டோலுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை வரியாகச் 'சுங்கம்' இருந்தால் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கினாலும் அது தானாக நிரப்பிக்கொண்டே போகும். என்னுடையதில் இப்போது பாதைக்குச் சுங்கம், மில்லுக்கு அரவைக் கூலி, விபத்துக்குப் பலி எண்ணிக்கை, ஆலயத்துக்குத் துக்க மணி, சட்டத்துக்கு நிறுத்திவைப்பு, ஆட்டுக்கும் பன்றிக்கும் 'காட்டி இழு' என்று தனித்தனி வரி இருக்கிறது. நாய்க்கான வரியில் தமிழ்ச் சொல் எதுவும் போடவில்லை. 'நிறுத்து, அஞ்சலட்டையைப் பார்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.